நாலு கரண்டி கொச்சிக்காய்த்தூள்

சித்தி மரியத்துக்குப் பிள்ளைகளின் பெயர் மறந்துபோகும், நாக்கு மறக்காது. ஆலங்குடாவுக்குப் போகிற பாதையில், கடற்காற்று நேராக வந்து மோதுகிற ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலில் பதினொரு வருடமாக அச்சாறு விற்கிறவள் அவள். மாங்காய், அம்பரெல்லா, அன்னாசி வெட்டிப் போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி. கீழே இரண்டு சைக்கிள் சில்லு. மேலே, காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் கட்டிய ஒரு படங்கு. அவ்வளவுதான் கடை. பிள்ளை கையை நீட்டினால் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்த்தே ஆளைச் சொல்வாள். உறைப்புக்குப் போடுகிற கொச்சிக்காய்த்தூள் எத்தனை கரண்டி என்பதுதான் அவளிடம் ஒரு பிள்ளையின் பெயரும் வகுப்பும்.

"அரைக்கரண்டி எங்க, இன்டைக்கு வரல்லயா?"

"அவளுக்குக் காய்ச்சல் ராத்தா."

"காய்ச்சலுக்கு என்ட அச்சாறுதான் மருந்து என்டு போய்ச் செல்லு. மூக்கால எல்லாம் வந்திரும்."

அந்தப் பள்ளிக்கூடம் முழுக்க நாலு கரண்டி ஒரே ஆள்தான். பத்தாம் தரத்து ஹஸ்மி. தின்னும்போது கண்ணாலும் மூக்காலும் ஊற்றும்; விடமாட்டான். அந்த ஊற்றலுக்கு நடுவிலேயே அவனுக்கு இன்னொரு விளையாட்டு இருந்தது. புத்தளம் பஸ் வந்தால் நம்பர் தட்டில் உள்ள நாலு இலக்கத்தில் முதல் இரண்டையும் கடைசி இரண்டையும் பெருக்கி, பஸ் வளைவில் மறையுமுன் விடை சொல்வான். முப்பத்தெட்டு, நாற்பத்தாறு. "ஆயிரத்து எழுநூத்தி நாப்பத்தெட்டு!" சித்தி மரியம் இடுப்பில் செருகியிருக்கிற போனை எடுத்து, வினாகிரி ஒட்டிய விரலால் தட்டிப் பார்ப்பாள். "சரி, ஷைத்தான்" என்பாள். அதுதான் அவள் கொடுக்கிற பரிசு.

அவள் அதே பள்ளிக்கூடத்தில் எட்டாம் தரத்தோடு நின்றவள். வீட்டில் தம்பி தங்கச்சி நாலு பேரைப் பார்க்க ஆள் இல்லை, நின்றாள். அதை நினைத்து அழுவதற்கு அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை. போதாததற்கு, கடை நிற்கிற இடத்துக்குப் பின்னால் மதில், மதிலுக்குப் பின்னால் எட்டாம் தரத்து யன்னல். பதினொரு வருடமாக அதே சரித்திரப் பாடம் அதே யன்னலால் அவளுக்கு வந்துகொண்டிருக்கிறது. ராசா கட்டிய குளங்களின் பெயரை டீச்சர் சொல்லிக்கொண்டு போகும்போது ஒன்று தவறினால் வெளியிலிருந்து குரல் வரும்: "டீச்சர், ஒரு குளத்த விட்டுட்டீங்க!" வகுப்பு சிரிக்கும். டீச்சரும் சிரித்துக்கொண்டே விட்ட குளத்தைச் சேர்த்துக்கொள்வார்.

புருசன் ரஸாக் கடலுக்குப் போகிறவர். விடியற்காலையில் கரைக்கு வந்து, நித்திரைக்குப் போக முதல் அவளுக்கு மாங்காய் வெட்டிக் கொடுப்பார். மீன் வெட்டிய கை அல்லவா, மாங்காயும் பாரைமீன் துண்டு மாதிரியே விழும்.

"இஞ்சாருங்க, இதுல முள்ளு எடுத்திட்டீங்களா?"

"எடுத்திட்டன். செதில்தான் கொஞ்சம் இரிக்கி. பாத்துத் தின்னச் செல்லு."

இப்படிப் போய்க்கொண்டிருந்த சீவியம். கெடுப்பதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

கச்சான் காற்று தொடங்கி, வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று கடலில் ஓடுகிற பருவம். ஒருநாள் இடைவேளைக்கு ஹஸ்மி வந்து நின்றான். அவள் பழக்கத்தில் கரண்டியை நாலு தரம் போட எடுத்தாள்.

"தூள் வேணாம் ராத்தா. உப்பு மட்டும் போடுங்க."

"என்ன, வயித்துல புண்ணா?"

"இல்ல. சும்மா."

"நாலு கரண்டி சும்மா முட்டையாகுமா?"

பஸ் ஒன்று போனது. அவன் அதைப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை ஒரு இரண்டு கரண்டி தூள் வேண்டாம் என்றது. பிறகு ஒரு மூன்று கரண்டி. மாதம் முடிவதற்குள் பத்தாம் பதினோராம் தரத்துப் பொடியன்கள் பதினொரு பேர் உப்புக்கு இறங்கிவிட்டார்கள். பொம்பிளைப் பிள்ளைகளும் சின்ன வகுப்புகளும் வழமைபோல் தின்றார்கள். சித்தி மரியத்துக்குக் கோபம் வந்தது. தொழில்காரிக்கு வருகிற கோபம். தன் தூளில்தான் பிழை என்று முடிவு கட்டினாள். ஒரு கை தூளைக் கடதாசியில் மடித்துக்கொண்டு நுரைச்சோலைக்குப் பஸ் ஏறி, ஜௌபர் நானாவின் அரைக்கிற மில்லுக்கே போனாள்.

"நானா, என்னத்தப் போட்டு அரைச்ச? செங்கல்லயா?"

"தங்கச்சி, என்ட மெஷின்ல செங்கல் போட்டா மெஷின்தான் மௌத்தாகும்."

"அப்ப ஏன் பொடியனுகள் தூள் வேணாங்கிறானுகள்?"

"தூள் சாகல்ல. அவனுகட நாக்குச் செத்திருக்கும்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். உண்மைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது அவருக்கே தெரியாது. அவளுக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ரஸாக்கைப் பிடித்து இருத்தி, ஒரு கரண்டி நிறையத் தூளை வாயில் போட்டாள். ரஸாக் எழும்பிக் கிணற்றடிக்குப் போய், வாளியோடு தூக்கிக் குடித்தார். தூளில் பிழை இல்லை.

இரண்டாம் தவணைப் பரீட்சையின் மார்க்ஸ் வந்தது. கணிதத்தில் தொண்ணூற்றொன்று எடுத்துக்கொண்டிருந்த ஹஸ்மி முப்பத்து நான்கு. அவனோடு இன்னும் பத்துப் பேர், எல்லாப் பாடத்திலும் மாடியிலிருந்து உருண்ட தேங்காய் மாதிரி. வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்னால் தொண்டை நோகுது என்பார்கள். மூன்றாம் பாடத்துக்கு மேல் கதிரையில் இருப்புக் கொள்ளாது; தண்ணி குடிக்க வேணும், முகம் கழுவ வேணும், வெளியே போக வேணும். கழிவறை மதிலுக்குப் பின்னால் ஆசிரியர்கள் தவிட்டு நிறத்தில் துப்பல் கண்டார்கள். மாவா என்றார்கள். பாக்கும் புகையிலையும் இன்னும் என்னென்னவோ மருந்தும் சேர்த்து இடித்து, ஒரு சிட்டிகையைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைக்கிற போதைப்பாக்கு.

பிள்ளைகளுக்கு அது எங்கிருந்து வருகிறது? ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் மஸாஹிர் சேர் சொன்னார்: வாசல் கேட்டில் இருந்து. கேட்டில் யார் நிற்கிறார்கள்? விற்கிறவர்கள். தீர்ந்தது. உள்ளே ஒரு கெடுதல் நடந்தால் வாசலில் நிற்கிற ஏழைதான் கொண்டுவந்திருப்பாள் என்ற இந்தக் கணக்கைப் போட ஒருவரும் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை. ஆனாலும் படித்தவர்கள்தான் அதை அதிகம் போடுகிறார்கள்.

திங்கட்கிழமை காலை கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தடித்த வெள்ளைக் கடதாசி, நல்ல கையெழுத்து. அடுத்த திங்கள் முதல் பாடசாலை வாசலில் இருந்து இருநூறு மீற்றருக்குள் எவரும் எதையும் விற்கக் கூடாது. பக்கத்தில் நிற்கிற ஐஸ்கிறீம்காரனுக்கு மோட்டார்சைக்கிள் இருந்தது, அவன் உலகத்தில் எங்கேயும் போவான். சித்தி மரியத்தின் இருநூறாவது மீற்றர் பஸ் சந்தியில் போய் விழுந்தது. அங்கே தேநீர்க்கடை ஆம்பிளைகளும் புழுதியும்தான். அங்கே நின்றால் அரைக்கரண்டி வராது, கால்கரண்டி வராது, யன்னலும் இல்லை, குளமும் இல்லை. அதைவிட, எழும்பிப் போனால் ஊர் என்ன சொல்லும்? விற்றவள், அதுதான் எழுப்பிவிட்டார்கள் என்று சொல்லும்.

மஸாஹிர் சேர் மோட்டார்சைக்கிளை நிறுத்தும்போது அவள் வழியில் போய் நின்றாள். சேர் வாயைத் திறக்காமலே பேசுகிற மனிதர். அதைக் கண்டிப்பு என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சேர், என்ட பெட்டி கண்ணாடி. உள்ளுக்கு என்ன இரிக்கி என்டு குருடனுக்கும் தெரியும்."

"உங்களச் செல்லல்ல ராத்தா. பொதுவாச் செல்றது."

"பொதுவாச் செல்லிட்டு என்னத்தானே எழுப்புறீங்க?"

"வியாழக்கிழம மூணு மணிக்கு அபிவிருத்திச் சங்கக் கூட்டம். அதுல கதைப்பாங்க."

"புள்ள படிக்கிற ஆக்களுக்குத்தானே அதுல கதிர, எனக்கு இல்லயே சேர். என்ட மகள் கலியாணம் முடிச்சே மூணு வருசம்."

சேர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அந்தக் கிழமை முழுக்க அவர் அவளிடம் அன்னாசி வாங்கவில்லை. போன வருடம் வரை இரண்டு கரண்டித் தூளோடு தின்றவர், இந்த வருடம் தூள் இல்லாமல்தான் வாங்கிக்கொண்டிருந்தார். பெரிய மனிதர்களுக்கு வயிற்றெரிவு வரும் என்று அவள் விட்டுவிட்டாள்.

நோட்டீஸ் ஒட்டிய அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவளும் ரஸாக்கும் முற்றத்தில் இருந்து கடதாசிச் சுருள் சுற்றினார்கள். அச்சாறு கட்டுவதற்குப் பழைய கொப்பித் தாள்தான். அதற்கு அவளிடம் ஒரு வழமை இருந்தது: ஒரு கட்டுத் தாள் கொண்டுவருகிற பிள்ளைக்கு ஒரு சுருள் அச்சாறு சும்மா. சரித்திரம், விஞ்ஞானம், பிழைத்த கணக்கு, டீச்சரின் சிவப்புப் பேனா, எல்லாம் அவளிடம் சுருளாகிப் போகும். நாற்றம் பிடித்த தாள் வந்தால் சாப்பாட்டுக்குச் சேர்க்கமாட்டாள். அடுப்பெரிக்க ஒரு சாக்கில் போட்டுவிடுவாள். அந்தச் சாக்கு கொஞ்ச நாளாகவே சீக்கிரம் நிரம்பிக்கொண்டிருந்தது. ரஸாக் சுருட்டுப் பற்றவைக்க அதிலிருந்து ஒரு தாளை உருவி, மூக்கருகில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"மரியம், இது எங்கால வந்த?"

"பொடியனுகள் கொண்டந்த. ஏன்?"

"இது மாவா மணம். தோணியில நித்திர வராம இரிக்க எங்கட ஆக்கள் போடுற சாமான். எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" கண்ணைச் சுருக்கினாள்.

"அல்லாவே, நான் போடல்ல. இஸ்ஹாக் போடுவான். பாவம், கறியக் கழுவித் தின்ற மனிசன்."

அவள் கையிலிருந்த சுருள் பாதியில் நின்றது. "கறியக் கழுவியா?"

"ஓம். வாயெல்லாம் அவிஞ்சி போச்சி. ஒரு துண்டு கொச்சிக்காய் பட்டாத் துள்ளுவான். இப்ப ரெண்டு விரலுக்கு மேல வாயும் திறக்காது."

சித்தி மரியம் ஜௌபர் நானா சொன்னதை நினைத்துச் சிரித்தாள். பிறகு பதினொரு பொடியன்களை நினைத்தாள். சிரிப்பு நின்றது. எழும்பிப் போய் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினாள். நாற்பதுக்கு மேல் தாள்கள். ஒவ்வொன்றாய் மடிப்பு விரித்து முற்றத்தில் பரப்பி, பறக்காமல் மாங்காய்க் கொட்டையைத் தூக்கி வைத்தாள். எல்லாம் ஒரே தாள். பதினோராம் தரத்து ஓஎல் பரீட்சை, கணிதம், 2016ஆம் ஆண்டு, முதலாம் பக்கம். எல்லாம் எட்டாய் மடித்தது. ஒன்றிலாவது பென்சில் பட்டிருக்கவில்லை.

"இவ்வளவு பேர் ஒரே பக்கத்தப் படிச்சும் முப்பத்தி நாலா?" என்றார் ரஸாக்.

மறுநாள் மணி அடிக்க முதல் ஹஸ்மி வந்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். வந்தது. இருபத்து நான்கு, பதினேழு. அவனுக்கு இது மூக்குத் துடைக்கிற நேரத்துக் கணக்கு.

"செல்லு பாப்பம்."

"இருவத்தி நாலு... பதினேழு..." உதடு அசைந்தது. பஸ் வளைவால் திரும்பி மறைந்தது. புழுதியும் அடங்கிவிட்டது.

"பஸ் புத்தளத்துக்கே போயிட்டு மகன்."

ஹஸ்மி மதிலில் சாய்ந்தான். "கணக்கு வருது ராத்தா. பாதி வழியில என்னை விட்டுட்டுப் போகுது."

பிறகு கொட்டினான். ராவைக்கு முழித்திருந்து படிக்கலாம் என்று ஒருத்தன் தந்தான். முழித்துத்தான் இருந்தான், படித்தது ஒன்றும் தங்கவில்லை. கொஞ்ச நாளில் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தாலும் மண்டைக்குள் ஒரே நினைப்பு, எப்போது மணி அடிக்கும், எப்போது கன்னத்துக்குள் வைக்கலாம். வைத்தால் தலை சுற்றும், வைக்காவிட்டால் கை நடுங்கும். இரண்டுக்கும் நடுவில் கணக்குச் செய்ய இடம் இல்லை. எங்கே வாங்குவது? சந்தியில் இனாஸ் நடத்துகிற போட்டோ கொப்பிக் கடையில். "2016 கணக்கு பாஸ்ட் பேப்பர் ஒன்டு தாங்க" என்றால் மாவாவை அதில் மடித்துத் தருவார். வேறு வருடம் கேட்டால் வெறும் பேப்பர்தான்.

"உம்மாக்குத் தெரியுமா?"

"நான் படிக்கிறன் என்டு உம்மாக்குச் சரியான சந்தோசம் ராத்தா." அதைச் சொல்லும்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

"அழாத. உன்ட பேர நான் செல்லமாட்டன். ஒருத்தன்ட பேரயும் செல்லமாட்டன். நான் பேப்பரோட கதைக்கிறன்."

வியாழக்கிழமை மூன்று மணி. கூட்டம் போட்டால் தீர்மானம் வரும், தீர்மானத்துக்குப் பிறகு தேநீர் வரும், தேநீருக்குப் பிறகு ஒன்றும் வராது. எத்தனையோ மண்டபத்தில் கண்ட காட்சி. அந்த மண்டபத்தில் அன்று மட்டும் தேநீருக்கு முதல் அச்சாறு வந்தது. சித்தி மரியம் ஒரு கையில் பெரிய வாளி, மறு கையில் சாக்கோடு உள்ளே வந்தாள். பள்ளிக்கூட அதிபர் றைஸா டீச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"என்ன மரியம் ராத்தா இது?"

"திங்களோட எழும்புறன்தானே டீச்சர். கடைசி அச்சாறு. எல்லாருக்கும் ஸதகா."

சும்மா வருகிற அச்சாற்றை வேண்டாம் என்று சொல்லத் தீர்மானம் எதுவும் இல்லை. கை கையாய்ச் சுருள் போனது. தூளை அவள் அன்று தாராளமாய்த்தான் போட்டிருந்தாள். மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. மஸாஹிர் சேர் மட்டும் கையை மடித்துக்கொண்டு இருந்தார்.

"எடுங்க சேர்."

"வேணாம் ராத்தா. எனக்கு உறைப்பு ஒத்துக்காது."

"போன வருசம் ரெண்டு கரண்டி தின்டீங்களே!"

சேர் வாயை மூடிக்கொண்டே சிரித்தார்.

மார்க்ஸ் பற்றிய கதை தொடங்கியது. முதலில் எழும்பியவள் ஹஸ்மியின் உம்மா மபாஸா. "முப்பத்தி நாலு என்டு என்ட மகனத் திட்டாதீங்க டீச்சர். அவன் படிக்காம இல்ல. ஒவ்வொரு நாளும் ஒரு பாஸ்ட் பேப்பர் வாங்குறான்."

றிப்னா என்கிற இன்னொரு உம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "ஒன்டா? என்டவன் ரெண்டு வாங்குறான்."

பின் வரிசையில் ஒரு வாப்பா எழும்பினார். "என்டவன் மூணு. வெள்ளிக்கிழமயும் வாங்குறான். மௌலவிமாரும் அப்பிடி ஓதமாட்டாங்க."

"மார்க்ஸ் எத்தின நானா?" என்று கேட்டாள் மபாஸா.

"பதினெட்டு."

மண்டபம் சிரித்தது. அதிபர் சிரிக்கவில்லை. "எந்தப் பாடம்?" என்று கேட்டார். மூன்று பேரும் கணிதம் என்றார்கள். "எந்த வருசம்?" மூன்று பேரும் ஒன்றாய்: "2016."

சித்தி மரியம் சாக்கை மேசையில் கவிழ்த்தாள்.

"டீச்சர், நான் எட்டாம் தரம். இதுல உள்ள கணக்கு எனக்கு விளங்காது. ஆனா நாப்பது பேப்பரும் ஒரே பேப்பர் என்டு விளங்குது. மணந்து பாருங்க. இது மாவா மடிச்ச பேப்பர். பாடமெல்லாம் சந்தியில இனாஸ்ட கடையில வாங்கிட்டு, வெறும் கடதாசிய எனக்குக் கொண்டந்து அச்சாறு தின்டிருக்கானுகள். வாய் அவிஞ்சவனுக்குத் தூள் ஏறாது. மூணு மாசமா தூள் வேணாம் என்டு செல்றவன் எல்லாம் மார்க்ஸ்லயும் கீழ. பேர் கேக்காதீங்க, செல்லமாட்டன். திங்கக்கிழம எழும்பச் செல்லி இரிக்கீங்க. நான் விக்கல்ல என்டு மட்டும் எழுதி வெச்சிக்கங்க."

மபாஸா ஒரு தாளை எடுத்து மணந்து பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்தாள். மஸாஹிர் சேர் எழும்பினார். தன் சட்டைப் பையில் கையை விட்டு, எட்டாய் மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். 2016. கணிதம். முதலாம் பக்கம்.

"சேரும் ஓஎல் எழுதப் போறாரோ?" என்றார் பின் வரிசை வாப்பா.

சிரிப்பு கூரையில் போய் மோதியது. சேரும் சிரித்தார். அப்போதுதான் எல்லோரும் கண்டார்கள், அந்த வாய் பாதிக்கு மேல் திறக்கவில்லை.

"ரெண்டு வருசம்" என்றார். "விடைத்தாள் திருத்த முழிச்சிருக்க வேணும் என்டு தொடங்கின. அந்தக் கடையில புள்ளைகளும் வாங்குறது தெரியாது என்டு செல்லமாட்டன். தெரியாத மாதிரி இருந்தன். கேட்டுல நிக்கிற மனிசிய எழுப்பச் செல்லி எழுதினதும் நான்தான். அது என்ட கையெழுத்து." சித்தி மரியத்தின் பக்கம் திரும்பினார். "மாப்பு ராத்தா."

ஒருவன் பிழையைச் சபையில் ஒத்துக்கொண்டால் அவனை மேலும் மிதிக்கக் கூடாது. அவளுக்கு அது ஒருவரும் சொல்லித் தராமல் தெரியும். "மாப்பு இரிக்கட்டும் சேர். நாளைக்கு அன்னாசி வாங்குங்க" என்றாள்.

தீர்மானம் எழுத ஒருவர் பேனாவைத் திறந்தார். றைஸா டீச்சர் மூடச் சொன்னார். போனை எடுத்துப் பொலிசுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கதைத்தார். வர முக்கால் மணித்தியாலம் ஆகும் என்றார்கள். "அதுவரைக்கும் அவன் சாமான ஒளிக்கவும் கூடாது, கடையப் பூட்டவும் கூடாது. என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

"கியூவுல நிப்பம்" என்றாள் மபாஸா.

அந்தச் சந்தி அப்படி ஒரு வரிசையை அதற்கு முன் கண்டதில்லை. பெற்றோல் இல்லாத காலத்திலும் கண்டதில்லை. ஐம்பது அறுபது உம்மாமாரும் வாப்பாமாரும், அச்சாற்றுச் சுருளைத் தின்றுகொண்டே, இனாஸின் போட்டோ கொப்பிக் கடைக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராய். ஒவ்வொருவராய்ப் போய்க் கேட்டார்கள்.

"2016 கணக்கு ஒன்டு தாங்க."

"முடிஞ்சி போச்சி."

"பரவாயில்ல, நிக்கிறன்." ஓரமாய் நின்றுகொள்வாள். அடுத்தவள் வருவாள். "2016 கணக்கு ஒன்டு தாங்க."

ஒருத்தரும் கல் எடுக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. இருபதாவது ஆளில் இனாஸுக்கு வேர்த்தது. முப்பதாவது ஆளில் பின்கதவால் போகப் பார்த்தார். அங்கே றிப்னா ஒரு கதிரையைப் போட்டு இருந்தாள். "2016 இரிக்கா?" என்று கேட்டாள். பொலிஸ் ஜீப் வந்தபோது அதைக் கண்டு ஆறுதல் அடைந்த ஒரே ஆள் இனாஸ்தான். கொப்பி மெஷினின் கடதாசித் தட்டுக்குக் கீழே இரண்டு கிலோ எடுத்தார்கள். இப்போது அந்த அறையில் ஒரு தையல்காரர் இருக்கிறார்.

நோட்டீஸை றைஸா டீச்சர் தன் கையாலேயே கிழித்தார். "என்ன செய்வீங்க இத?" என்று கேட்டு சித்தி மரியம் கையை நீட்டினாள். நல்ல தடித்த கடதாசி. வெள்ளிக்கிழமை காலை அதில் நாலு சுருள் வந்தது. ஒன்றில் மஸாஹிர் சேருக்கு அன்னாசி போனது, அவருடைய கையெழுத்தோடேயே.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரிப் பற்சிகிச்சைப் பகுதியிலிருந்து கௌசல்யா மிஸ் வந்தார். காலைக் கூட்டத்தில் அறுநூறு பிள்ளைகளையும் நிறுத்தி, மூன்று விரலைச் சேர்த்துப் பல்லுக்கு நடுவில் செங்குத்தாய் விடச் சொன்னார். போனால் வாய்க்குப் பிழை இல்லை. அறுநூறு பேர் வாயில் விரலோடு நின்ற அந்தக் காட்சியை மதிலுக்கு மேலால் பார்த்து சித்தி மரியமும் விட்டுப் பார்த்தாள். "எனக்கு நாலும் போகுது மிஸ்!" என்று கத்தினாள். "அது தெரிஞ்ச விசயம்தான்" என்றார் றைஸா டீச்சர். ஹஸ்மிக்கு மூன்று விரலும் இறுக்கமாய்த்தான் உள்ளே போனது. மஸாஹிர் சேருக்கு இரண்டுதான். அந்தச் சோதனையில் தெரியவந்த பதினொரு பொடியன்களும் சேருமாய்ப் பன்னிரண்டு பேருக்கும் மாதம் ஒரு கிளினிக் நாள், வாய்க்குப் பயிற்சி. பயிற்சிக்குப் பல்லுக்கு நடுவில் அடுக்கி வைக்க ஐஸ்கிறீம்காரன் தடி கொடுத்தான், ஒரு கட்டு, இனாமாக.

மஸாஹிர் சேர் அதோடு இன்னொன்றைச் சேர்த்தார். பதினொரு பேரும் அவரும் தினமும் மூன்றாம் பாடத்தில், மனம் மாவாவைத் தேடுகிற அதே நேரத்தில், எழும்பி நின்று வாயை முழுக்கத் திறந்து சத்தமாய் வாசிக்க வேண்டும். கணக்கு வாய்பாடு, சரித்திரம், எது கிடைத்தாலும். முதல் நாள் அது மாடு கத்துகிற மாதிரித்தான் கேட்டது. மதிலுக்கு வெளியே நின்றவள் திருத்திக்கொண்டிருந்தாள். இடைவேளைக்கு அவர்களுக்கு உப்பு மாங்காய், தூள் இல்லை. கன்னத்துக்குள் ஒதுக்கி வைக்க ஒன்று வேண்டும் அல்லவா, மாங்காயை ஒதுக்கி வைக்கட்டும் என்று கொடுத்தாள்.

எல்லாம் தேன் என்று சொன்னால் அது பொய். பதினொரு பேரில் ஒருவன் திரும்பப் பள்ளிக்கூடம் வரவில்லை. ரஸாக்கின் தோணிக்குப் போகிறான். ரஸாக் கரை தாண்ட முதல் அவன் கன்னத்தைத் தட்டிப் பார்த்துத்தான் ஏற்றுவார். இரண்டு பேர் இன்னும் இழுபறி. மற்ற எட்டுப் பேரும் வருடக் கடைசியில் மேலே வந்தார்கள். ஹஸ்மி கணிதத்தில் ஐம்பத்தெட்டு. அடுத்த தவணையில் எழுபத்து மூன்று. தொண்ணூற்றொன்று இன்னும் வரவில்லை. மபாஸா இப்போது பாஸ்ட் பேப்பர் வாங்கச் சல்லி கொடுத்தால், செய்து முடித்த கணக்கைத் திருப்பிக் காட்டச் சொல்லி வாங்குகிறாள்.

எழுபத்து மூன்று வந்த நாள் இடைவேளைக்கு ஹஸ்மி வரிசையை முந்திக்கொண்டு வந்தான்.

"ராத்தா. கால் கரண்டி."

சித்தி மரியம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "கிளினிக் மிஸ் செல்லிட்டாவா?"

"புண் ஆறிட்டாம். கொஞ்சமாத் தின்டு பாக்கலாமாம்."

கால் கரண்டியை அவள் பவுண் நிறுக்கிற மாதிரி அளந்து போட்டாள். சுற்றி நின்ற பிள்ளைகள் வாய் பார்த்தார்கள். ஹஸ்மி ஒரு துண்டை வாயில் வைத்தான். கண் சிவந்தது. மூக்கு ஊற்றியது. காலைத் தூக்கிக் குதித்தான். "உறைக்குது ராத்தா!" என்று கத்தினான், பெருநாள் பிறை கண்ட மாதிரி.

"அதுக்குத்தானே மகன் தூள் போடுற!"

அந்த நேரம் பார்த்துப் புத்தளம் பஸ் வந்தது. நாற்பத்தாறு, ஐம்பத்து மூன்று. அவன் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் பஸ்ஸைக் காட்டினான். வளைவுக்கு இன்னும் பத்து முழம் இருந்தது.

"ரெண்டாயிரத்து நானூத்தி முப்பத்தெட்டு!"

பஸ் மறைந்தது. சித்தி மரியம் போனை எடுத்துத் தட்டினாள். வினாகிரி விரல், முதல் தரம் பிழைத்தது. திரும்பத் தட்டினாள். தட்டிவிட்டு அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, ஷைத்தான்" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் அடுத்து நின்ற ஆளை அதட்டினாள். "சேர், உங்களுக்கு?"

மஸாஹிர் சேர் முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாய் வாயைத் திறந்தார்.

"தூளை எனக்குக் காட்டிட்டு உள்ள வைங்க ராத்தா. இன்டைக்கு அது போதும்."